மழை விட்ட பிறகு மூன்று தட்டு

என் அண்ணன் என்னோடு பேசாமல் இருந்த ஆறு வருஷத்தில், மழை பெய்யாத நாளெல்லாம் எனக்கு வெறும் நாளாகத்தான் போனது. மழை பெய்தால் மட்டும் அவர் பெல்ட்டை வைத்து என்னிடம் ஏதோ சொல்வார். இது யாருக்கும் சட்டென்று புரியாது. என் வீட்டுக்காரிக்கே புரியவில்லை. "பெல்ட்டு பேசுதாம்ல, ஆளைப் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதனால் முதலில் பெல்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நானும் அண்ணனும் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம் என்பதால் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. வெட்டியெடுத்த சுண்ணாம்புக்கல்லைச் சுரங்கத்திலேயே கிரஷரில் போட்டு உடைத்து, ரப்பர் பெல்ட்டில் ஏற்றி ஆலைக்கு அனுப்புவார்கள். அந்த பெல்ட் கருவேலங்காட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, தார்ரோட்டுக்குக் கீழே நுழைந்து சில கிலோமீட்டர் வரும். அந்த முனையில், கிரஷர் அறையில் இருந்துகொண்டு பெல்ட்டை ஓட்டுவதும் நிறுத்துவதும் அண்ணன். இந்த முனையில், பெல்ட் வந்து முடிகிற இடத்தில் நான். இங்கே கல் ஒரு பெரிய இரும்புத் தகரக் கூண்டு வழியாக இறங்கி அடுத்த பெல்ட்டில் விழும். அந்தக் கூண்டை நாங்கள் சூட் என்போம். அது அடைக்காமல் பார்த்துக்கொள்வதும், பெல்ட்டில் ஒட்டி வருவதைச் சுரண்டித் தள்ளுவதும் என் வேலை.

பெயர்தான் கல் வேலை. நாள் முழுக்க மல்லுக்கட்டுவது தண்ணீரோடு. கோடையில் புழுதி பறக்கக் கூடாது என்று கல் விழும் இடத்தில் குழாய் வைத்துத் தண்ணீர் தெளிப்போம். வால்வை ஒரு திருகு கூடுதலாகத் திறந்தால் கல்தூள் தோசை மாவாகி பெல்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு திருகு குறைத்தால் கண்ணாடியில் என் முகம் எனக்கே அடையாளம் தெரியாது. ஒரு சூப்பர்வைசர் வந்து "தண்ணி பத்தலய்யா" என்பார். அரை மணியில் இன்னொருவர் வந்து "தண்ணி ஜாஸ்திய்யா" என்பார். இரண்டு பேருக்கும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, வால்வைத் தொடாமலே இருந்துவிடுவேன். இரண்டு பேரும் திரும்ப வந்து பார்த்துவிட்டு "இப்ப சரியா இருக்கு" என்பார்கள்.

மழைக்காலத்தில் அந்த விளையாட்டெல்லாம் நடக்காது. கல் உருண்டுவிடக் கூடாது என்பதற்காக பெல்ட்டின் இரண்டு ஓரமும் தூக்கி, நடுவில் தொட்டி மாதிரி குழிந்திருக்கும். இடி மின்னல் என்றால் பெல்ட்டை நிறுத்திவிட வேண்டும். நின்ற பெல்ட்டில் மழை கொட்டினால் அவ்வளவு நீளத்துக்கும் தண்ணீர் தேங்கும். ஓடைப் பக்கம் பெல்ட் தாழ்ந்து போகிற இடத்தில் ஒரு சாண் ஆழம் நிற்கும். மழை விட்டதும் பட்டனை அமுக்கி நேராக ஓட்டினால், அத்தனை தண்ணீரும் கல்தூளைக் கரைத்துக்கொண்டு வேகமாக வந்து என் சூட்டில் கொட்டும். சூட் அடைக்கும், அடுத்த பெல்ட் வழுக்கும், பக்கத்தில் நிற்கிறவன் தலை முதல் கால் வரை சேற்றில் குளிப்பான். அப்புறம் அரை ஷிப்டு மண்வெட்டிதான்.

அண்ணன் அப்படி ஓட்ட மாட்டார். சைரன் கொடுப்பார், பெல்ட்டை எடுப்பார், பத்தடி நகர்வதற்குள் நிறுத்துவார். அந்தக் குலுக்கலில் தாழ்வான இடத்துத் தண்ணீர் இரண்டு ஓரமும் வழிந்து ஓடையில் விழும். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி சைரன், மறுபடி ஒரு குலுக்கல். அப்புறம் மூன்றாவது. இதைத் தட்டி எடுக்கிறது என்போம். நான்காவது முறை ஓட்டத்துக்கு விடும்போது என்னிடம் வந்து சேர்வது ஈரக் கல்லும் இரண்டு குடம் தண்ணீரும்தான். அந்த இடைவெளிகளில் நான் சூட் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருப்பதைக் கம்பியால் குத்தித் தள்ளி வைத்துக்கொள்வேன். முதல் சைரன் கேட்டால் கம்பியை எடுப்பது என் பழக்கமாகிவிட்டது.

எங்களுக்குள் பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை. என் மகள் கல்யாணத்துக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு பிரஸ்ஸில் அடித்தேன். கட்டைப் பிரித்து மூலைகளில் மஞ்சள் தடவ உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரிதான் பார்த்தாள். அழைப்பவர்கள் வரிசையில் மாமன்மார் இருந்தார்கள், அத்தைமார் இருந்தார்கள், பெண்ணின் பெரியப்பா மட்டும் இல்லை. எங்கள் அப்பா போன பிறகு எல்லாருக்கும் மேலே முதல் பெயராக வர வேண்டியவர் அவர்.

பிரஸ்ஸுக்கு ஓடினேன். அச்சுக் கோக்கும்போது ஒரு வரி விட்டுப்போயிருந்தது. பிரஸ்காரர் நல்ல மனுஷன். "தப்பு எங்களுதுங்க, ரெண்டு நாள் கொடுங்க, மறுபடி அடிச்சுத் தரேன்" என்றார். எனக்கு அந்த இரண்டு நாள் பெரிதாகப்பட்டது. மீன்சுருட்டிக்குப் போக வேண்டும், ஆண்டிமடத்துக்குப் போக வேண்டும், லீவு முடியப்போகிறது. எனக்குப் பொறுமை கிடையாது, அது ஊரறிந்த சங்கதி. "வேணாம் வுடுங்க" என்று கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் செய்த காரியத்தைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. அண்ணனுக்கு வைக்க வேண்டிய அந்த ஒரே ஒரு பத்திரிகையில் மட்டும், இடம் பார்த்து, நீலப் பேனாவால் அவர் பெயரை எழுதினேன்.

தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படித்தார். பேனா எழுத்து வந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"பிரஸ்காரன் வுட்டுட்டான்ணே. எல்லாத்துலயும் கையாலதான் எழுதிகிட்டு இருக்கேன்" என்றேன்.

"சரிடா" என்றார். அண்ணி காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டே நாளில் ஆலை கேண்டீன் போர்டில் யாரோ என் பத்திரிகை ஒன்றைக் குத்தி வைத்தார்கள். அதன் முன்னால் அண்ணன் டீ டம்ளரோடு ரொம்ப நேரம் நின்றாராம். அதில் பேனா எழுத்து எதுவும் இல்லை.

கல்யாணத்துக்கு வந்தார். மணமேடையில் என் தோளோடு தோள் நிற்க வேண்டியவர் மண்டபத்தின் கடைசி வரிசையில், யாரோ தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் மாதிரி உட்கார்ந்திருந்தார். போட்டோவுக்குக் கூப்பிட ஆள் அனுப்பினேன். "பத்திரிகையில இருக்கறவங்க நிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அதோடு சரி.

பேச்சு நின்றுவிட்டதே தவிர, இரண்டு பேரும் ஒரே பெல்ட்டின் இரண்டு முனை. இரண்டு பேர் கையிலும் வாக்கி டாக்கி. நடுவில் ஆலை கண்ட்ரோல் ரூமில் பெரம்பலூர்க்காரர் ஒருவர் இருந்தார். எங்களைவிட வயதில் சின்னவர். நான் வாக்கியில் அவரிடம், "இங்க ரெடின்னு கிரஷர்ல சொல்லிடுங்க" என்பேன். எல்லாரும் ஒரே சேனலில்தான் இருக்கிறோம், அண்ணன் காதிலும் அது விழும். ஆனாலும் அவர் காத்திருப்பார். கண்ட்ரோல் ரூம்காரர், "பெரியவரே, சின்னவரு ரெடியாம்" என்பார். "எடுக்கறேன்னு சொல்லிடுங்க" என்று அண்ணன் குரல் வரும். "சின்னவரே, பெரியவரு எடுக்கறாராம்." ஒரு நாள் அந்த மனிதர் வெறுத்துப்போய், "ஏங்க, ரெண்டு பேரு கொரலும் ரெண்டு பேருக்கும் கேக்குதுல்ல? நடுவுல நான் என்ன பொண்ணு பாக்க வந்த தரகரா?" என்று கேட்டேவிட்டார். அடுத்த தடவையும் அவர் வழியாகத்தான் பேசினோம்.

எனக்கு அந்தக் குரல் தேவைப்பட்டது. அதற்காகவே சும்மாவாவது, "கிரஷர்ல இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்னு கேளுங்க" என்பேன். "பத்து நிமிஷம்" என்று கரகரப்பாக வரும். அதைக் கேட்டுவிட்டு வாக்கியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். மகளுக்குப் பையன் பிறந்த அன்று நான் டியூட்டியில் இருந்தேன். அந்த முனையிலிருந்து கல் வந்துகொண்டே இருந்தது. அதை அனுப்புகிறவரிடம் போய், காதோடு காதாக, "அண்ணே, நீ தாத்தா ஆயிட்ட" என்று சொல்ல வேண்டும் போல நெஞ்சை அடைத்தது. கடைசியில் வாக்கியை எடுத்து, "பேரன் பொறந்துருக்கான்" என்று கண்ட்ரோல் ரூமிடம் சொன்னேன். அவர் வாழ்த்தினார். கிரஷர் பக்கம் சத்தமே இல்லை.

கல்யாணம் முடிந்து வந்த முதல் மழையில், அண்ணன் இன்றைக்கு நேராகத்தான் எடுப்பார், படட்டும் என்று நினைப்பார் என்று எண்ணி ஒதுங்கி நின்றேன். மூன்று தட்டு வந்தது. தொழில்காரர், பழக்கத்தில் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷ மழையில்தான் கேண்டீனில் அந்தக் கண்ட்ரோல் ரூம்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பெரியவருக்கு எலெக்ட்ரிக்கல்லேர்ந்து மெமோ வந்துருக்கு, தெரியுமா? சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்துனா மோட்டாரு சூடாவுதாம்."

"எல்லா ஷிப்டுலயும் அப்படித்தானே எடுக்கறாரு?" என்றேன்.

"யாரு சொன்னா? மத்த ஆளு கீழ நின்னா ஒரு தட்டோட எடுத்துடுவாரு. மழை வுட்டதும் எங்கிட்ட கேப்பாரு, சூட்டுகிட்ட இன்னிக்கு யாருன்னு. உங்க பேரைச் சொன்னாத்தான் மூணு."

மெமோவுக்கு அண்ணன் என்ன பதில் எழுதிக் கொடுத்தார் என்று கேட்டேன். ஒரே வரிதானாம். 'கீழே ஆள் நிற்கிறது.'

சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே அழுதேன். காரம் ஜாஸ்தி என்று சமாளித்தேன். அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. பெயர் விட்டதற்கு மன்னிப்புக் கேட்பது எனக்குப் பெரிய காரியமில்லை. 'எல்லாத்துலயும் எழுதறேன்' என்று மூஞ்சிக்கு நேரே சொன்ன பொய்யை எந்த வாயால் எடுத்துச் சொல்வது? ஷிப்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். கேட் வந்ததும் நேராக என் முனைக்குப் போய்விடுவேன். அடுத்த மழை வரட்டும், அதற்கு அடுத்த மழை வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். மழை வரும், மூன்று தட்டு வரும், அது போதும் என்று இருந்துவிடுவேன்.

கடைசி சில வருஷங்களில் அண்ணன் வாக்கியில் எதைச் சொன்னாலும் "என்னா? என்னா?" என்று கேட்க ஆரம்பித்தார். நான் பேசி முடித்து, கண்ட்ரோல் ரூம்காரர் இரண்டு தடவை கத்தின பிறகுதான் "ஆங், சரி" என்பார். என் குரல் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு நாள் கோபத்தில் தண்ணீர்க் குழாயை எட்டி உதைத்து, கால் விரல் வீங்கி, ஒரு வாரம் நொண்டினேன்.

அவர் ஓய்வு பெற்ற நாள். ஆபீஸ் முன்னால் மாலை, சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். நான் கூட்டத்தில் நிற்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற கொட்டகையில் காத்திருந்தேன். கடிகாரப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக வந்தார். என்னைக் கடந்து இரண்டடிகூடப் போயிருக்க மாட்டார்.

"அண்ணே" என்றேன்.

திரும்பவில்லை. அதே நடையில் போய் பஸ் ஏறிவிட்டார். முடிந்தது, இனி இந்த ஜென்மத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

அதன் பிறகு அண்ணனும் அண்ணியும் ஆண்டிமடம் பக்கம், தங்கள் மகள் வீட்டுக்கு அருகில் குடிபோய்விட்டார்கள். கிரஷர் அறையிலிருந்த பட்டன்களையும் எடுத்துவிட்டார்கள். பெல்ட்டை இனி ஆலையிலிருந்தே, கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் ஓட்டுவது என்று முடிவானது. கோடை முழுக்கப் பிரச்சினை இல்லாமல் ஓடியது.

ஐப்பசியில், நான் காலை ஷிப்டில் இருந்தபோது பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இடியும் சேர்ந்துகொள்ள, பெல்ட்டை நிறுத்தினார்கள். ஒன்றரை மணி நேரம் கொட்டிவிட்டு மழை விட்டது. சைரன் அடித்தது. நான் வழக்கம் போலக் கம்பியை எடுத்துக்கொண்டு சூட் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினேன். ஒரு தட்டு ஆகும், நிற்கும், நேரம் இருக்கிறது என்று என் கை நம்பியது. பெல்ட் நிற்கவில்லை. பெல்ட்டுக்கு அடியில் உருளும் ரோலர்களின் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. இன்னும் நிற்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வந்து அறைந்ததில் ஹெல்மெட் பறந்து, கைப்பிடிக் கம்பியில் முதுகு இடித்து விழுந்தேன். கண், மூக்கு, வாய் எல்லாம் கல்சேறு. தடவித் தடவி பெல்ட்டை நிறுத்துகிற கயிற்றைப் பிடித்து இழுத்தேன். பெல்ட் நின்ற பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, "அண்ணே, அண்ணே" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

கண்ட்ரோல் ரூம்காரர் ஓடிவந்தார். "மன்னிச்சிடுங்க, எங்க ரூமுல சன்னலே இல்ல. மழை பெஞ்சது எவ்ளோன்னு எனக்குத் தெரியல" என்றார். அவரைத் திட்ட மனம் வரவில்லை. பர்ஸ்ட் எய்டில் முதுகைப் பார்த்து, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை. உடுத்தின துணியோடு பஸ் மாறி ஆண்டிமடம் போனேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, "சீட்ல உக்காந்துடாதீங்க" என்றார். நின்றுகொண்டே போனேன். உடம்பிலிருந்த சேறு வழியில் காய்ந்து வெளுத்தது.

அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் போய் நின்று "அண்ணே" என்றேன். திரும்பவில்லை. கேட்டில் நடந்த அதே கதை. வந்த வழியே போய்விடலாம் என்று காலை எடுத்தேன். அண்ணி உள்ளேயிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"தம்பி! வாங்க வாங்க. என்னாங்க இது கோலம்? அங்கேர்ந்து கூப்ட்டா அவருக்குக் கேக்காது, முன்னாடி போயி நில்லுங்க."

"கேக்காதா?"

"காது போயி மூணு நாலு வருஷமாச்சே தம்பி. கிரஷரு சத்தந்தான். வெளிய தெரிஞ்சா வேற எடத்துக்கு மாத்திடுவாங்கன்னு மூச்சுவுடல. அந்த வாக்கியக் காதுல அமுக்கி வச்சுகிட்டு சமாளிச்சாரு. அதுக்கு முன்னாடி நல்லாத்தான் கேட்டுச்சு. உங்க பேரன் பொறந்ததை வாக்கியில கேட்டுட்டு வந்து என்னைப் பாயசம் வெக்கச் சொன்னாரே."

அவர் முன்னால் போய் நின்றேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். தலையிலிருந்து கால் வரை பார்த்தார். இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்ததை மெதுவாகச் சொன்னேன்.

"என்னா? சத்தமாச் சொல்லுடா" என்றார். கையைக் காதருகில் குவித்துக்கொண்டார்.

மறுபடி சொன்னேன். தலையை ஆட்டினார், கேட்கவில்லை என்று. தனியாக ஓர் ஆளிடம் சொல்லவே கூசின விஷயத்தை நான் தெருவே கேட்கக் கத்தினேன்.

"பிரஸ்காரன் மறுபடி அடிச்சுத் தரேன்னான்ணே! நாந்தான் வேணாம்னேன்! உன் பத்திரிகையில மட்டுந்தான் பேனாவால எழுதுனேன்! பொய் சொல்லிட்டேண்ணே!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. போய்க்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரர் காலை ஊன்றி நின்றார். அண்ணன் அவர்களைப் பார்க்கவில்லை.

"அது அப்பவே தெரியும்டா" என்றார். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, காய்ந்த சேற்றை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"மழையில எவன்டா பெல்ட்டை நேரா எடுத்தது?"

இப்போது கண்ட்ரோல் ரூமில் மழைக்குப் பிறகு மெதுவாகத்தான் எடுக்கிறார்கள். எடுப்பதற்கு முன்னால் எனக்குக் குரல் கொடுக்கிறார்கள். வார லீவில் நான் ஆண்டிமடம் போகிறேன். ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாவற்றையும் அண்ணனிடம் கத்திக் கத்திச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்து விவகாரம் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாமல் இல்லை. அண்ணன் சிரிக்கிறார், திட்டுகிறார், என்னைச் சாப்பிட வைத்து அனுப்புகிறார்.

ஆனால் பேரன் பிறந்த அன்று நெஞ்சை அடைத்ததே, அந்த மாதிரிச் சங்கதிகள் எனக்கு இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அவர் காது நன்றாகக் கேட்ட வருஷங்களில் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு என் அண்ணனிடம் ஒரே ஒரு தடவை மெதுவாகப் பேச வேண்டும்.